கத்தி விட்டுவைத்த மிச்சம்: இரைப்பைப் புற்றில் சூடான கீமோ

பெரியம்மாவின் சிடி ஸ்கேன் அறிக்கையில் பரவல் எதுவும் தெரியவில்லை என்றுதான் எழுதியிருந்தது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் கட்டி, பக்கத்தில் நாலைந்து நெறிக்கட்டிகள், அவ்வளவுதான். வீட்டில் எல்லோருக்கும் பாதி உயிர் திரும்பி வந்தது. அடுத்த வாரம் தொப்புளுக்குப் பக்கத்தில் சின்னத் துளை போட்டு, லேப்ராஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டுப் பார்த்தார்கள். அந்த வீடியோவை அறுவை மருத்துவர் எங்களுக்குப் போட்டுக் காட்டினார். வழவழவென்று ஈரமாக மின்னவேண்டிய வயிற்று உள்சவ்வின் மேல், ஊறவைத்த குருணையை அள்ளித் தெளித்தது போல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். கல்லீரலுக்கு மேலே, குடல் மடிப்புகளில், அடிவயிற்றில், எங்கும். "ஸ்கேன் பொய் சொல்லலைங்க. இவ்வளவு சின்னதா இருந்தா அதுக்குத் தெரியாது" என்றார்.

அன்று சாயந்திரமே உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். வயிற்றைத் திறந்து, சூடாக்கிய கீமோ மருந்தை உள்ளே சுற்றவிட்டுக் கழுவும் சிகிச்சை. ஹைபெக் என்று பெயர். பெரியம்மா அதைக் கேட்டுவிட்டு, "கழுவி விட்டா போயிடும்னா கழுவிடச் சொல்லேன்" என்றார்.

குழப்பம் எல்லாம் அந்தக் கழுவுதல் என்ற சொல்லில்தான் இருக்கிறது. நோயாளிகளின் குடும்பங்கள் மட்டுமில்லை, விளம்பரங்களும் இதைக் கழுவும் சிகிச்சையாகவே சொல்கின்றன. உண்மையில் அது ஒரு மிகப் பெரிய அறுவை சிகிச்சை. சூடான மருந்து அதன் கடைசியில் அதிகபட்சம் ஒன்றரை மணி நேரம் மட்டும்தான். யாருக்கு அது பலன் தரும் என்பதைப் பெருமளவு முடிவு செய்வது, மருந்து உள்ளே போவதற்கு முன்பே அந்த வயிற்றில் எவ்வளவு நோய் இருக்கிறது என்பது. இதை விளக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இரைப்பைப் புற்று உலகில் ஐந்தாவது அதிகம் வரும் புற்று. 2022 கணக்குப்படி அந்த ஒரு வருடத்தில் சுமார் 9 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு வந்தது, 6 லட்சத்து 60 ஆயிரம் பேர் இறந்தார்கள். சென்னையில் ஆண்களுக்கு வரும் புற்றுகளில் இது பல பத்தாண்டுகளாக முன்வரிசையில் இருக்கிறது. அடையாறு புற்றுநோய் நிலையம் 1980களின் தொடக்கத்திலிருந்து நடத்திவரும் பதிவேடு அதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது.

இந்தப் புற்று இரண்டு பாதையில் பரவும். ரத்தத்திலும் நிணநீரிலும் ஏறி கல்லீரல், நுரையீரல் என்று போவது ஒன்று. இன்னொன்று, இரைப்பையின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளிப்பக்கத்துக்கு வந்து, அங்கிருந்து செல்கள் உதிர்வது. வயிற்றுக்குள்ளே எப்போதும் கொஞ்சம் நீர் உண்டு. குடல் அசைவிலும் மூச்சிலும் அது மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கும். உதிர்ந்த செல்கள் அந்த நீரோடு போய், நீர் தேங்கும் இடங்களில் ஒட்டிக்கொள்கின்றன: உதரவிதானத்துக்குக் கீழே, அடிவயிற்றுக் குழியில், குடலுக்கு முன்னால் திரைபோலத் தொங்கும் ஒமென்டம் என்ற கொழுப்புப் படலத்தில். பெண்களுக்குச் சினைப்பையிலும் போய் வளரும். 1896ல் ஃபிரிட்ரிக் குருகன்பர்க் அப்படிப்பட்ட சினைப்பைக் கட்டிகளை விவரித்து எழுதியபோது, அவை சினைப்பையிலேயே பிறந்தவை என்று நினைத்தார். பெரும்பாலும் இரைப்பையிலிருந்து வந்தவை என்பது பிறகுதான் புரிந்தது.

வயிற்றின் உட்புறத்தையும் உறுப்புகளையும் போர்த்தியிருக்கும் இந்தச் சவ்வுக்குப் பெரிட்டோனியம் என்று பெயர். விரித்துப் போட்டால் கிட்டத்தட்ட நம் உடம்புத் தோலின் பரப்பு வரும். அவ்வளவு பெரிய நிலத்தில் விதை தூவியதுபோல நோய் விழுந்துவிட்டால், ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பது எப்படி? போதாததற்கு, கையில் ஏற்றும் கீமோ ரத்தம் வழியாக இந்தச் சவ்வுக்குப் போதுமான அளவு போய்ச் சேர்வதில்லை. ரத்தத்துக்கும் வயிற்று அறைக்கும் நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது. நோய் முற்றும்போது வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். நம் ஊரில் மகோதரம் என்று சொல்வார்களே, அதற்குப் பின்னால் சில சமயம் இந்தப் புற்று ஒளிந்திருக்கும்.

இந்தப் பிரச்சினை இரைப்பைப் புற்றுக்கான அறுவை சிகிச்சை அளவுக்கே பழையது. 1881 ஜனவரி 29ல் வியன்னாவில் தியோடர் பில்ரோத் ஒரு 43 வயதுப் பெண்ணின் இரைப்பைப் புற்றை வெட்டி எடுத்து, மிச்ச இரைப்பையைக் குடலோடு தைத்தார். நோயாளி பிழைத்த முதல் இரைப்பைப் புற்று அறுவை அதுதான். தையல் பிடித்தது, அந்தப் பெண் சாப்பிட்டார், நடந்தார். ஆனால் சில மாதங்களில் வேறு இடங்களில் பரவியிருந்த புற்றால் இறந்துபோனார். கத்தி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அது விட்டுவைத்த மிச்சம் அவரைக் கொண்டுபோய்விட்டது.

அந்த மிச்சத்தை என்ன செய்வது என்பதற்கு நூறு வருடம் கழித்து ஒரு யோசனை வந்தது. தடுப்பு இரண்டு பக்கமும் வேலை செய்யும் அல்லவா? ரத்தத்திலிருந்து மருந்து உள்ளே வராது என்றால், உள்ளே ஊற்றிய மருந்தும் சீக்கிரம் ரத்தத்துக்குப் போகாது. அப்படியானால் உடம்பு தாங்காத அளவு செறிவான மருந்தை வயிற்று அறைக்குள் மட்டும் வைத்திருக்கலாம். அதோடு சூடும் சேர்ந்தால் இன்னும் நல்லது. 41 முதல் 43 டிகிரி செல்சியஸில் செல்களின் டிஎன்ஏ பழுதுபார்க்கும் ஏற்பாடு தடுமாறுகிறது, சிஸ்பிளாட்டின், மைட்டோமைசின் போன்ற மருந்துகள் செல்லுக்குள் கூடுதலாக இறங்குகின்றன. அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகத்தில் ஜான் ஸ்ப்ராட் குழு 1979ல் இதற்கான கருவியை முதன்முதலாக ஒரு நோயாளியிடம் பயன்படுத்தியது. 1980களில் ஜப்பானிய மருத்துவர்கள் இதை இரைப்பைப் புற்றுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு வாஷிங்டனில் பால் ஷுகர்பேக்கர், நோய் பிடித்த சவ்வைப் பகுதி பகுதியாக உரித்தெடுக்கும் முறைகளை வகுத்து 1995ல் எழுதினார். உரிப்பதும் சூடான மருந்தும் ஒரே சிகிச்சையாக ஆனது அப்படித்தான்.

ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். ஊற்றிய மருந்து திசுவுக்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் போகும். கொத்துமல்லி விதை அளவுக் கட்டி ஒன்று இருந்தால் அதன் மேல்தோலை மட்டும் நனைத்துவிட்டு வந்துவிடும். அதனால் கண்ணுக்குத் தெரிவது அத்தனையையும் முதலில் கையால் எடுத்தாக வேண்டும். மருந்து, கண்ணுக்குத் தெரியாத மிச்சத்துக்கு மட்டும்தான். கட்டியை விட்டுவிட்டு மருந்தை மட்டும் ஊற்றினால் கட்டி அப்படியே இருக்கும்.

அறுவை அரங்கில் இது எப்படி நடக்கிறது? நெஞ்செலும்புக்குக் கீழிருந்து அடிவயிறு வரை திறப்பார்கள். இரைப்பை முழுவதும் அல்லது பெரும்பகுதி, சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகள், ஒமென்டம், நோய் பிடித்த சவ்வுகள், சில சமயம் மண்ணீரல், சினைப்பைகள், குடலின் ஒரு துண்டு என்று எடுத்துக்கொண்டே போவார்கள். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் சாதாரணம். அப்புறம்தான் இயந்திரம் வருகிறது. ஒரு பம்ப், ஒரு சூடேற்றி, உள்ளே போகும் குழாய்கள், வெளியே வரும் குழாய்கள், நாலைந்து வெப்பமானிகள். மூன்று நான்கு லிட்டர் திரவம் வயிற்றுக்குள் சுற்ற ஆரம்பிக்கும். வயிற்றைத் தைத்து மூடிவிட்டுச் செய்கிற முறையும் உண்டு, திறந்து வைத்துச் செய்கிற முறையும் உண்டு. திறந்த முறையில் தோலின் விளிம்புகளை ஒரு வளையச் சட்டத்தோடு சேர்த்து மேலே தூக்கிக் கட்டுவார்கள். பார்க்க ரோம் நகரத்துக் கொலோசியம் மாதிரி இருப்பதால் அதையே பெயராக வைத்துவிட்டார்கள். அறுவை மருத்துவர் இரட்டைக் கையுறையோடு கையை உள்ளே விட்டு, எந்த மடிப்பும் விட்டுப்போகாமல் குடலை அலசிக்கொண்டே இருப்பார்.

அந்த நேரத்தில் மயக்க மருத்துவரின் வேலைதான் எனக்கு அதிசயமாகத் தெரிகிறது. வயிற்றுக்குள் 42 டிகிரி நீர் சுற்றினால் உடம்பு முழுவதும் சுடும். அதனால் முன்கூட்டியே நோயாளியைக் குளிரவைத்து, குளிர்ந்த போர்வை போட்டு, ஐஸ் கட்டிப் பைகளைத் தயாராக வைத்து, இதயத்துடிப்பையும் சிறுநீர் அளவையும் நிமிடத்துக்கு நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பார். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்து. சிறுநீர் குறைந்தால் ஆபத்து. மருந்தைப் பொறுத்து 30 நிமிடம் முதல் 90 நிமிடம் வரை சுற்றவிட்டு, வடித்து, அலசிவிட்டுத் தைப்பார்கள்.

சரி, அலசுவதே போதுமே, மருந்தும் சூடும் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். எக்ஸ்பெல் என்ற ஆய்வில் இரைப்பை அறுவைக்குப் பின் 10 லிட்டர் உப்பு நீரால் வயிற்றை நன்றாக அலசினார்கள். 800 பேர் பங்கேற்றார்கள். 2021ல் முடிவு வந்தது: மூன்று வருட உயிர்வாழ்வில் எந்த வித்தியாசமும் இல்லை. ஒட்டிக்கொண்ட செல் தண்ணீருக்கு அசையாது.

இப்போது அந்த வீடியோக்கள் சொல்லாத பகுதிக்கு வருகிறேன். மருத்துவர்கள் வயிற்றைப் பதின்மூன்று கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நோயின் அளவைப் பார்த்து 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். கூட்டினால் அதிகபட்சம் 39. பிசிஐ என்று சொல்வார்கள். பரீட்சை மார்க்குக்கு நேர்மாறு, குறைய இருந்தால்தான் நல்லது. அப்பெண்டிக்ஸில் தோன்றி ஜெல்லி போலப் பரவும் ஒரு வகைக் கட்டியில் மதிப்பெண் 25, 30 இருந்தால்கூட உரித்தெடுத்துப் பல வருடம் வாழ்ந்தவர்கள் உண்டு. ஸ்ப்ராட்டின் முதல் நோயாளிக்கு இருந்ததும் அந்த வகைதான். இரைப்பைப் புற்று அப்படியில்லை, மிக வேகமானது. பிரெஞ்சு மருத்துவர்கள் 159 நோயாளிகளைத் தொகுத்து 2010ல் வெளியிட்ட கணக்கில், 12க்கு மேல் போனவர்களில் மூன்று வருடம் தாண்டியவர் யாரும் இல்லை. இன்று பல மையங்கள் 6, 7க்கு மேல் போனால் தயங்குகின்றன. வெற்றிக் கதை சொல்லும் வீடியோவில் அந்த நோயாளிக்கு எந்தப் புற்று, எத்தனை மதிப்பெண் என்று சொல்வதே இல்லை. அப்பெண்டிக்ஸ் நோயாளியின் கதையைக் கேட்டுவிட்டு இரைப்பைப் புற்று நோயாளி நம்பிக்கையோடு கிளம்பிவிடுகிறார். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2011ல் சீனாவின் வூகானில் 68 பேரை இரு பிரிவாகப் பிரித்தார்கள். வெறும் அறுவை செய்த பிரிவின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 6.5 மாதம், சூடான கீமோவும் சேர்த்த பிரிவில் 11 மாதம். அமெரிக்காவில் அறுவையும் சூடான கீமோவும் சேர்ந்த சிகிச்சையைக் கீமோ மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிட முயன்ற ஆய்வில் 17 பேர்தான் சேர்ந்தார்கள், அதை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. 2019ல் வந்த பிரான்சின் சைட்டோ-சிப் ஆய்வு இன்னும் பெரியது. 19 மையங்களில் ஏற்கெனவே சிகிச்சை பெற்ற 277 பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். நோய் முழுவதும் அல்லது கிட்டத்தட்ட முழுவதும் எடுக்கப்பட்டவர்கள் மட்டுமே இதில் இருந்தார்கள் என்பது முக்கியம். அறுவை மட்டும் என்றால் இடைநிலை ஆயுள் 12.1 மாதம், சூடான கீமோவும் என்றால் 18.8 மாதம். ஐந்து வருடம் தாண்டியவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு ஆறு பேர், இரண்டாவதில் கிட்டத்தட்ட இருபது பேர். இந்த நோயில் நூற்றுக்கு இருபது என்பது பெரிய எண். ஆனால் இது குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்த ஆய்வு இல்லை. யாருக்கு எது என்பதை மருத்துவர்கள்தான் தீர்மானித்திருந்தார்கள்.

குலுக்கல் முறையில் நடந்த ஜெர்மனியின் காஸ்ட்ரிபெக் ஆய்வின் முடிவு வேறு மாதிரி வந்தது. 2014 முதல் 2018 வரை 105 பேரைச் சேர்த்தார்கள். 180 பேர் வேண்டியிருந்தது, போதிய ஆள் சேராமல் முன்கூட்டியே நிறுத்த வேண்டியதாயிற்று. இரண்டு பிரிவிலும் இடைநிலை ஆயுள் ஒரே எண்: 14.9 மாதம். நோய் மீண்டும் தலைதூக்காமல் இருந்த காலம் மட்டும் 3.5 மாதத்திலிருந்து 7.1 மாதமாகக் கூடியது. இந்த ஆய்வில் என் கண்ணில் பட்டு நிற்பது வேறொரு விவரம். சேர்ந்த 105 பேரில் 55 பேருக்கு, பெரும்பாலும் நோய் முற்றியதாலோ மரணத்தாலோ, நோயை முழுதாக அகற்றும் அறுவைக்கு முன்பே சிகிச்சை நின்றுபோனது. பாதிப் பேர் அந்தக் கட்டத்தையே எட்டவில்லை. அவர்களுக்குச் சூடான மருந்து பலன் தருமா தராதா என்ற கேள்வியே எழவில்லை.

ஆகவே ஆயுள் கூடியதா என்ற ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் படிக்க முடியாது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சூடான கீமோ சேர்த்த அறுவையை, சேர்க்காத அறுவையோடுதான் ஒப்பிடுகின்றன. இப்படிப் பரவியவருக்கு இவ்வளவு பெரிய அறுவையே தேவையா என்ற முந்தைய கேள்வி அப்படியே நிற்கிறது. ஜப்பான், கொரியா, சிங்கப்பூர் மருத்துவர்கள் சேர்ந்து நடத்திய ரெகாட்டா ஆய்வு 2016ல் அதன் ஒரு பகுதிக்குப் பதில் சொன்னது. பரவிய நோயை அப்படியே விட்டுவிட்டு இரைப்பையை மட்டும் எடுப்பதால், வெறும் கீமோவைவிட ஆயுள் கூடவில்லை. எடுத்தால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், முடியாது என்றால் வயிற்றைத் தொடக்கூடாது. நடுவழி கிடையாது.

தொட்டால் அதற்குக் கொடுக்கும் விலை கொஞ்சமில்லை. சைட்டோ-சிப்பில் இரண்டு பிரிவிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பெரிய சிக்கல்கள் வந்தன. தையல் கசிவு, சீழ், நுரையீரல் தொல்லை, ரத்த அணுக்கள் குறைவது போன்றவை. 90 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு ஏழு முதல் பத்து பேர். கவனித்தீர்களா, சூடான கீமோ சேர்த்ததால் அந்த ஆபத்து கூடவில்லை. ஆபத்து அறுவையிலேயே இருக்கிறது. தப்பித்து வீடு வந்தால் இரைப்பை இல்லாத வாழ்க்கை. தட்டு நிறையச் சாதம் போட்டுச் சாப்பிட முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக, மென்று மென்று சாப்பிட வேண்டும். இனிப்பு சாப்பிட்டால் வியர்த்து, படபடத்து, மயக்கம் வரலாம். பி12 ஊசி ஆயுள் முழுக்க. எடை திரும்பவே மாதக்கணக்கில் ஆகும். 18 மாதம் என்ற எண்ணைப் பார்க்கும்போது, அதில் எத்தனை மாதம் ஆஸ்பத்திரியிலும் தேறுவதிலும் போகும் என்று மருத்துவரிடம் கேட்கத்தான் வேண்டும். பல லட்சம் ரூபாய் கடன் வாங்கிச் செய்கிற குடும்பம் அதைக் கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

மதிப்பெண் மிகக் குறைவாக இருந்து, நரம்பில் ஏற்றிய கீமோவுக்கு நோய் நன்றாக அடங்கி, உடம்பும் தெம்பாக இருந்து, எல்லாவற்றையும் எடுத்துவிட முடியும் என்று இதில் பழகிய குழு சொன்னால், நான் தயங்காமல் யோசிக்கச் சொல்வேன். ஐந்து வருடம் தாண்டிய அந்த நூற்றுக்கு இருபது பேரும் நோய் முழுவதும் அல்லது கிட்டத்தட்ட முழுவதும் எடுக்கப்பட்டவர்கள்தான். ஆய்வு நடத்தும் மையமாக இருந்தால் இன்னும் நல்லது, கணக்கு வைத்துக்கொள்வார்கள். இந்த நிபந்தனைகளில் ஒன்று இல்லாவிட்டாலும் என் பதில் மாறிவிடும்.

மற்றவர்களுக்கு வழியே இல்லை என்பதும் இல்லை. வயிற்றுத் தோலுக்கு அடியில் சின்ன போர்ட் ஒன்றைப் பதித்து, அதன் வழியாகப் பாக்லிடாக்ஸெல் மருந்தை அறுவையும் சூடும் இல்லாமல் தவணை முறையில் வயிற்றுக்குள் விடும் முறையை ஜப்பானியர்கள் வளர்த்தார்கள். பெரிய மூலக்கூறு என்பதால் அது வயிற்று அறையைவிட்டுச் சீக்கிரம் போவதில்லை. 2018ல் வந்த ஃபீனிக்ஸ் ஆய்வில் இந்த முறையில் இடைநிலை ஆயுள் 17.7 மாதம், வழக்கமான கீமோ மட்டும் என்றால் 15.2 மாதம் என்று வந்தது. வித்தியாசம் நிரூபணம் ஆகும் அளவு போதவில்லை. 2025ல் சீனாவின் டிராகன் ஆய்வில் அதே வழி 19.4 மாதம் தந்தது, வழக்கமான கீமோ மட்டும் 13.9 மாதம். மருந்தை அழுத்தத்தோடு பனிப்புகைபோல வயிற்றுக்குள் தெளிக்கும் பிபாக் முறையை மார்க் ரேமண்ட் 2011ல் ஜெர்மனியில் தொடங்கினார். லேப்ராஸ்கோப் துளை வழியே செய்வது, ஆறு வாரத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யலாம். கட்டியின் செல்களில் கிளாடின் 18.2 என்ற புரதம் இருந்தால் ஜோல்பெடுக்சிமாப் என்ற மருந்து இருக்கிறது. இவையெல்லாம் அடுத்த சில வருடங்களில் ஹைபெக்கின் இடத்தையே மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன்.

கொரியாவில் 40 வயது ஆனவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரைப்பைப் பரிசோதனை அரசுத் திட்டமாகவே நடக்கிறது. அங்கே கணிசமானவர்களுக்குப் புற்று சுவரைத் தாண்டும் முன்பே தெரிந்துவிடுகிறது. இங்கே நாம் அசிடிட்டி என்று மாத்திரை போட்டுக்கொண்டே ஆறு மாதம் ஓட்டுகிறோம். பெரியம்மாவும் அப்படித்தான் ஓட்டினார்.

அவருக்கு முதல் லேப்ராஸ்கோபியில் மதிப்பெண் 17. நான்கு மாதம் கீமோ ஏற்றிவிட்டு மறுபடி துளை போட்டுப் பார்த்தபோது 14. சிறுகுடலின் மேற்பரப்பில் குருணை அப்படியே இருந்தது. சிறுகுடலை உரிக்க முடியாது, முழுவதும் எடுக்கவும் முடியாது. அறுவை மருத்துவர் அரை மணி நேரம் எங்களோடு உட்கார்ந்து படம் வரைந்து காட்டி, வேண்டாம் என்றார். செய்கிறேன் என்று சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். பெரியம்மா, "அப்போ கழுவலையா?" என்று கேட்டார். "இல்ல பெரியம்மா" என்றேன். "சரி, வீட்டுக்குப் போலாம்" என்றார்.

கீமோ தொடர்ந்தது. அதற்குப் பிறகு பதினோரு மாதம் இருந்தார். அந்த வருடப் பொங்கலுக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, பால் பொங்கும் நேரம் பார்த்து அரிசியைத் தன் கையாலேயே போட்டார். கால் கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு, முந்திரி குறைவு என்று சொன்னார்.